பத்து பவுண்டு கால்பந்தும் வாடிக்கையாளர் பட்டியலும்

2020 ஜூன். கொரோனா முடக்கத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் பிரீமியர் லீக் ஆட்டங்கள் ஆளில்லாத மைதானங்களில் மீண்டும் தொடங்கியிருந்தன. அந்த மாதக் கடைசியில் பல வீடுகளின் திரையில் ஆட்டத்துக்குப் பதிலாக ஓர் அறிவிப்பு வந்தது. நார்ஃபோக், சஃபோக் காவல் துறைகள் இந்தச் சேவையைக் கைப்பற்றிவிட்டன, சட்டவிரோத ஒளிபரப்பைப் பார்ப்பது குற்றம், உங்கள் ஐபி முகவரி பதிவாகியிருக்கிறது என்றது அது. நார்விச் நகருக்கு அருகே ஒரு சிற்றூரில் ஒருவரைக் கைது செய்த போலீசார், அவர் நடத்திவந்த சேவையின் வழியாகவே அவருடைய வாடிக்கையாளர்களிடம் பேசினார்கள். அடுத்த சில வாரங்களில் 7,000-க்கும் மேற்பட்டோருக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. 2006-ஆம் ஆண்டின் மோசடிச் சட்டத்தில் 11-ஆம் பிரிவு, அதாவது ஒரு சேவையை நேர்மையற்ற வழியில் பெறுவது, ஐந்து ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம் என்பதை அந்தக் கடிதம் நினைவூட்டியது.

அத்தனை பேரையும் போலீசார் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. பட்டியல் விற்றவரிடமே இருந்தது.

இணையத்தில் திருட்டுத்தனமாக ஆட்டம் பார்ப்பவர்கள் இந்த ஒன்றைத்தான் கணக்கில் எடுப்பதில்லை. இது எனக்கும் பெரும் பணக்காரக் கழகங்களுக்கும் நடுவே உள்ள விவகாரம், அவர்களுக்கு என் பத்து பவுண்டு ஒரு பொருட்டா என்று நினைக்கிறார்கள். அந்த வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு, அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். ஆனால் உண்மையில் அவர்கள் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்வது கழகத்தோடு அல்ல. முகம் தெரியாத மூன்றாவது ஆள் ஒருவரோடு. பெயர், மின்னஞ்சல், வங்கிக் கணக்கு, வீட்டு இணைய முகவரி எல்லாம் அவரிடம் போய்ச் சேருகின்றன. அவர் மாட்டினால் அந்தப் பட்டியல் போலீசின் கைக்கு வருகிறது. மாட்டாவிட்டால் அவரிடமே இருக்கிறது. எது அதிக ஆபத்து என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

நார்ஃபோக்கில் நடந்தது விதிவிலக்கு இல்லை. 2023 ஜனவரியில் பிரிட்டனில் 1,000 வீடுகளுக்கு நேரில் போய்ப் பயன்படுத்துவோரை எச்சரிக்கும் நடவடிக்கை தொடங்கியது. அந்த முகவரிகள் முந்தைய ஆண்டு சோதனைகளில் சிக்கிய தகவல்களிலிருந்து எடுத்தவை. இத்தாலி இதைவிடக் கடுமை. அங்கே 2023-இல் வந்த 93-ஆம் எண் சட்டம், பார்ப்பவருக்கும் அபராதம் விதிக்க வழிசெய்கிறது. 2025 மே மாதம் நிதிக் காவல் படை 2,282 பேருக்கு அபராதச் சீட்டு அனுப்பியது. தொகை 154 யூரோவில் தொடங்குகிறது. திரும்பத் திரும்பச் செய்தால் 5,000 யூரோ வரை போகும். அந்தப் பெயர்களும் சேவை நடத்தியவர்கள் மீதான விசாரணையிலிருந்து வந்தவைதான்.

பார்த்ததற்காக மட்டும் யாரும் சிறைக்குப் போவதில்லை என்றொரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. வெறும் பார்வையாளர்களைப் பொறுத்தவரை இதுவரை பெரும்பாலும் எச்சரிக்கையும் அபராதமும்தான் என்பது சரி. ஆனால் 2024 நவம்பரில் லிவர்பூல் கிரவுன் நீதிமன்றம் டிவியில் செருகும் ஃபயர் ஸ்டிக்குகளைத் திருட்டு ஒளிபரப்புச் சேவைக்கு ஏற்ப மாற்றியமைத்து விற்ற 29 வயது இளைஞருக்கு மூன்று ஆண்டு நான்கு மாதச் சிறை விதித்தபோது, அந்தச் சேவையை அவரே பார்த்ததற்கென்று தனியாக இரண்டு ஆண்டு மூன்று மாதம் என்றும் கணக்கிட்டது. இரண்டும் ஒரே காலத்தில் அனுபவிக்க வேண்டியவை என்பதால் மொத்தம் கூடவில்லை. என்றாலும் பார்ப்பதும் ஒரு குற்றம்தான் என்று நீதிமன்றம் எண்ணிக்கையோடு எழுதிவைத்துவிட்டது. அடுத்த வழக்கில் அதைச் சுட்டிக்காட்டவும் கூடும்.

மக்கள் ஏன் அங்கே போகிறார்கள்? இதை நேர்மையாகப் பேசாமல் எச்சரிக்கை மட்டும் விடுவது சரியில்லை.

பிரீமியர் லீக்கில் ஒரு பருவத்துக்கு 380 ஆட்டங்கள். 2025-26 பருவத்தில் தொடங்கிய நான்கு ஆண்டு ஒளிபரப்பு ஒப்பந்தத்தின் மதிப்பு 670 கோடி பவுண்டு. அதன்படி பிரிட்டனில் நேரலையாக வருவது அதிகபட்சம் 270 ஆட்டங்கள்தான். அவையும் ஸ்கை, டிஎன்டி என இரண்டு நிறுவனங்களிடம் பிரிந்து கிடக்கின்றன. மீதி ஆட்டங்களைக் காசு கொடுத்தாலும் பார்க்க முடியாது. சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை இங்கிலாந்தில் எந்தக் கால்பந்து ஆட்டத்தையும் நேரலையில் காட்டக் கூடாது என்ற ஏற்பாடு 1960-களிலிருந்து இருக்கிறது. சிறிய ஊர்களின் சிறிய கழகங்கள் அந்த நேரத்தில் ஆடுகின்றன, ரசிகர்கள் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டால் அந்த மைதானங்கள் காலியாகிவிடும் என்ற அச்சத்தில் பிறந்த ஏற்பாடு. நல்ல எண்ணம்தான். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். மான்செஸ்டரில் மைதானத்துக்கு நாலு தெரு தள்ளிக் குடியிருப்பவர் பார்க்க முடியாத ஆட்டத்தை, மதுரையில் இருப்பவர் ஜியோஹாட்ஸ்டாரில் முறைப்படி சந்தா கட்டிப் பார்க்கலாம். தன் ஊர்க் கழகத்தின் ஆட்டத்தை வெளிநாட்டு ஒளிபரப்பின் வழியாகத்தான் பார்க்க முடியும் என்ற நிலை ஒரு ரசிகருக்கு வரும்போது, யாரோ ஒருவர் அந்த வெளிநாட்டு ஒளிபரப்பைக் கொண்டுவந்து விற்கத்தான் செய்வார்.

இந்தக் கோபத்தை நீதிமன்றம் வரை கொண்டுபோனவர் போர்ட்ஸ்மத் நகரில் மதுக்கூடம் நடத்திய கேரன் மர்ஃபி. ஸ்கை நிறுவனம் மாதம் 700 பவுண்டு கேட்டபோது, கிரேக்க நாட்டின் நோவா நிறுவனத்தின் டிகோடர் அட்டையை ஆண்டுக்குச் சுமார் 800 பவுண்டுக்கு வாங்கி ஆட்டங்களைக் காட்டினார். வழக்குப் போட்டார்கள். அபராதமும் செலவும் சேர்ந்து 8,000 பவுண்டை நெருங்கியது. அவர் விடவில்லை. 2011 அக்டோபர் 4 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், இன்னொரு உறுப்பு நாட்டில் முறைப்படி விற்கும் அட்டையை வாங்கக் கூடாது என்று தடுப்பது ஒன்றியத்தின் தடையற்ற சேவை விதிகளுக்கு முரண் என்றது. 2012-இல் லண்டன் உயர் நீதிமன்றம் அவருடைய தண்டனையை ரத்து செய்தது.

மர்ஃபி வென்றார் என்பதை வைத்து வெளிநாட்டு ஒளிபரப்பு எதையும் பார்க்கலாம் என்று பேசுபவர்கள் உண்டு. தீர்ப்பு அப்படிச் சொல்லவில்லை. அவர் காசு கட்டியது உரிமை பெற்ற ஒரு நிறுவனத்துக்கு. அதே ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2017 ஏப்ரல் 26 அன்று, திருட்டு ஒளிபரப்புக்கான இணைப்புகளை முன்கூட்டியே ஏற்றிய பெட்டிகளை விற்ற நெதர்லாந்து வியாபாரியின் வழக்கில், அப்படி விற்பது பதிப்புரிமை மீறல் என்றது. அந்த வழியாகப் பார்ப்பவருக்கும் சட்டத்தின் விலக்கு கிடையாது என்றது. கூடுதல் விலையை எதிர்த்து நிற்பது ஒன்று. யாருக்கும் கணக்குச் சொல்லாத ஒருவரிடம் போய் வாங்குவது வேறொன்று.

அந்த ஒருவர் எப்படித் தொழில் செய்கிறார்? ஏதாவது ஒரு நாட்டில் சந்தா கட்டிய உண்மையான பெட்டியிலிருந்து படத்தை உருவி, அதன் காப்பைக் கழற்றி, வேறொரு நாட்டில் வாடகைக்கு எடுத்த சர்வருக்கு ஏற்றுவார்கள். அதற்குக் கீழே ரீசெல்லர்கள். இவர்கள் மொத்தமாக 'கிரெடிட்' வாங்கி, மாதச் சந்தாவாகத் தெருவிலும் வேலையிடத்திலும் பேஸ்புக், டெலிகிராம் குழுக்களிலும் சில்லறையில் விற்கிறார்கள். நமக்குத் தெரிந்த முகம் இந்தச் சில்லறைக்காரர் மட்டுமே. "நம்ம பையன்தான், பயப்படாதீங்க" என்று சொல்லி விற்பவருக்கே தனக்கு மேலே யார் இருக்கிறார்கள் என்று தெரியாது.

மேலே இருந்தவர்கள் யார் என்பது 2023 மே மாதம் ஒரு வழக்கில் தெரிந்தது. 'ஃபிளாலெஸ்' என்ற பெயரில் மாதம் பத்து பவுண்டுக்கு ஆட்டம் காட்டிய கும்பலைச் சேர்ந்த ஐந்து பேருக்கு டெர்பி கிரவுன் நீதிமன்றம் மொத்தம் 30 ஆண்டுகளுக்கும் மேல் சிறை விதித்தது. தலைவருக்கு மட்டும் 11 ஆண்டு. ஐந்து ஆண்டுகளில் 50,000-க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள், 70 லட்சம் பவுண்டுக்கு மேல் வரவு, 30 ஊழியர்கள். வழக்கைத் தொடுத்தது அரசு அல்ல, பிரீமியர் லீக்கே தனி வழக்காகத் தொடுத்தது. அந்த 50,000 பேரும் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்க எளிதில் இடம் இல்லை.

இதுவும் சிறிய அளவுதான். 2024 நவம்பரில் இத்தாலியின் கத்தானியா நகர அரசு வழக்கறிஞர்கள் தலைமையில் பல நாடுகள் சேர்ந்து முடக்கிய ஒரு வலைப்பின்னலுக்கு உலகெங்கும் 2.2 கோடிப் பயனாளர்கள் இருந்ததாகவும் மாதம் 25 கோடி யூரோ சட்டவிரோத வருவாய் ஓடியதாகவும் ஐரோப்பிய அதிகாரிகள் அறிவித்தார்கள். 2025 ஆகஸ்டில் எகிப்தில், கீசா அருகே உள்ள ஷேக் சயீத் நகரில், இரண்டு பேரைக் கைது செய்து 'ஸ்ட்ரீம்ஈஸ்ட்' தளத்தை மூடினார்கள். அதன் 80 இணைய முகவரிகளுக்கு ஓராண்டில் வந்த வருகைகள் 160 கோடி. அது இலவசத் தளம். இலவசமாகத் தந்தவர்களுக்கு வருமானம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், விளம்பரத்திலிருந்து. என்ன விளம்பரம் என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

2025 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவு ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. அதற்கு முந்தைய டிசம்பரில் கண்டுபிடித்த ஒரு தாக்குதலில் உலகம் முழுவதும் ஏறக்குறைய பத்து லட்சம் கணினிகள் சிக்கியிருந்தன. தொடங்கிய இடம் திருட்டு வீடியோ தளங்கள். படம் ஓடும் சட்டத்துக்குள்ளேயே விளம்பர இணைப்பைப் புதைத்து, அங்கிருந்து நாலைந்து முகவரிகள் தாவவைத்து, கடைசியில் நல்ல பெயருள்ள கிட்ஹப் தளத்தில் ஏற்றிவைத்த ஒரு கோப்பை இறக்கவைத்தார்கள். இறங்கியது தகவல் திருடும் நிரல். உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள், உள்நுழைவுக் குக்கீகள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகும். வீட்டுக் கணினியும் அலுவலகக் கணினியும் ஒன்றுபோல் சிக்கின. பையன் ஆட்டம் பார்த்த மடிக்கணினியில்தான் அப்பா வங்கிக் கணக்கைத் திறக்கிறார் என்பது எத்தனையோ வீடுகளின் நிலைமை.

தளத்தைவிடப் பெட்டி இன்னும் மோசம். டிவியில் செருகும் பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டிகளைச் சொல்கிறேன். "ஒரு தடவை காசு, ஆயுசுக்கும் எல்லா சேனலும்" என்று சொல்லி விற்பவை. லண்டனிலும் டொரண்டோவிலும் தமிழ் வீடுகளில் சீரியலுக்கும் சினிமாவுக்கும் என்று வாங்கிவைத்து, வார இறுதியில் பிள்ளைகள் கால்பந்து பார்ப்பதும் இதுபோன்ற பெட்டிகளில்தான். 2023 ஜனவரியில் கனடா நாட்டுப் பாதுகாப்பு ஆர்வலர் ஒருவர் அமேசானில் வாங்கிய டி95 என்ற பெட்டியைப் பிரித்து ஆராய்ந்தபோது, உறை பிரிக்கும் முன்பே அதற்குள் தீநிரல் இருந்ததைக் கண்டார். அதைத் தொடர்ந்து போன ஆய்வாளர்கள் இப்படித் தீநிரல் ஏறிய கருவிகளின் ஒரு பெரிய கூட்டத்தையே கண்டுபிடித்து அதற்கு 'பேட்பாக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். 2024 டிசம்பரில் ஜெர்மனி தன் நாட்டில் 30,000 கருவிகளின் தொடர்பைத் துண்டித்தது. ஆனாலும் அது அடங்கவில்லை. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 'பேட்பாக்ஸ் 2.0' குறித்துப் பொது எச்சரிக்கை விட்டது. அடுத்த மாதம் அதை நடத்துவோர் மீது வழக்குத் தொடுத்த கூகுள், ஒரு கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் பீடிக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. இது தவிர 'வாய்டு' என்ற இன்னொரு தீநிரல் 197 நாடுகளில் 13 லட்சம் ஆண்ட்ராய்டு டிவி பெட்டிகளில் புகுந்திருந்ததை 2024 செப்டம்பரில் டாக்டர் வெப் நிறுவனம் வெளியிட்டது.

பெட்டிக்குள் இருந்துகொண்டு அது என்ன செய்யும்? ஆட்டத்தைக் கெடுக்காது. ஆட்டம் நன்றாகவே ஓடும், அதனால்தான் சந்தேகம் வருவதில்லை. பின்னால் உங்கள் வீட்டு இணைய இணைப்பை வாடகைக்கு விடும். எங்கோ இருக்கும் ஒருவன் திருடிய கடவுச்சொல்லை வைத்து இன்னொருவருடைய கணக்கில் நுழையப் பார்க்கிறான். ஆயிரக்கணக்கில் போலிக் கணக்குகள் தொடங்குகிறான். அந்தப் போக்குவரத்து உங்கள் வீட்டு ஐபி முகவரியிலிருந்து வெளியே போகிறது. பாதிக்கப்பட்ட நிறுவனம் விசாரித்தால் முதலில் தெரிவது உங்கள் முகவரி. அதோடு அந்தப் பெட்டி உங்கள் வைஃபைக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக் கேமராவும் குழந்தையின் டேப்லட்டும் அதே வலையில்தான் இருக்கின்றன. ஓர் அந்நியனிடம் வாசல் சாவியைக் கொடுத்து, பதிலுக்கு அவன் கொண்டுவந்த டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பது போன்றது இது.

எஃப்.பி.ஐ. சொன்ன அடையாளங்களை ஒரு வீட்டில் உட்கார்ந்தே சரிபார்க்கலாம். பெட்டியை அமைக்கும்போது கூகுள் பிளே புரொடெக்ட் பாதுகாப்பை அணைக்கச் சொல்கிறதா? செயலிகளை அதிகாரபூர்வமில்லாத கடையிலிருந்து இறக்கச் சொல்கிறதா? 'எல்லாம் இலவசம், பூட்டுத் திறந்தது' என்று விளம்பரம் செய்கிறதா? கேள்விப்படாத பெயரா? இவற்றில் ஒன்று இருந்தாலே நான் அதை என் வீட்டுச் சுவரில் செருக மாட்டேன்.

தமிழ்நாட்டில் பெட்டியைவிடக் கைபேசிதான் வழி. நள்ளிரவு ஒரு மணிக்குச் சாம்பியன்ஸ் லீக் ஆட்டம், டெலிகிராம் குழுவில் ஒரு லிங்க், அல்லது ஏபிகே கோப்பாக ஒரு செயலி. இங்கே பயப்பட வேண்டியது அந்தச் செயலி கேட்கும் அனுமதிகளுக்கு. கால்பந்து காட்டும் செயலிக்குக் குறுஞ்செய்தி படிக்கும் அனுமதி எதற்கு? கொடுத்துவிட்டால் வங்கி அனுப்பும் ஓடிபி அதன் கண்ணில் படும். ஒருவருடைய சந்தாக் கணக்கை முப்பது நாற்பது ரூபாய்க்குக் குழுவில் விற்கிறார்கள் என்றால், அது பெரும்பாலும் யாரிடமோ திருடிய கடவுச்சொல்.

சட்டமும் நினைப்பதைவிட அகலமானது. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், ஒளிபரப்பு நிறுவனங்களுக்கு 25 ஆண்டுக்கான தனி உரிமை கொடுக்கிறது. 63-ஆம் பிரிவின் கீழ் உரிமையைத் தெரிந்தே மீறுபவருக்கும் உடந்தையாக இருப்பவருக்கும் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். தன் அறையில் தனியாகப் பார்ப்பவரைத் தேடி இதுவரை யாரும் பெரிதாக வந்ததில்லை. ஆனால் குழுவில் லிங்கைப் பரப்புகிறவரும், நுழைவுக் கட்டணம் வாங்கி மன்றத்தில் பெரிய திரை கட்டுகிறவரும் வெறும் பார்வையாளர் அல்ல. நம் ஊர்களில் நல்லெண்ணத்தோடு நாலு பேருக்கு உதவுகிற பையன்தான் இந்த இரண்டையும் செய்கிறான் என்பதால் சொல்கிறேன்.

இன்னொரு சேதமும் இருக்கிறது, அது எதுவும் செய்யாதவர்கள் மேல் விழுகிறது. திருட்டு ஒளிபரப்பைத் தடுக்கும் இத்தாலியின் 'பைரசி ஷீல்டு' அமைப்பு, 30 நிமிடத்துக்குள் ஒரு முகவரியை முடக்க வேண்டும் என்ற அவசரத்தில், 2024 அக்டோபர் 19 அன்று கூகுள் டிரைவையே முடக்கிவிட்டது. ஸ்பெயினில் 2025 தொடக்கத்திலிருந்து, ஆட்டம் நடக்கும் நாள்களில் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் முகவரிகளை மொத்தமாகத் தடுக்கிறார்கள். அதே முகவரியைப் பகிரும் சிறு கடைகளின் தளங்களும் அந்த நேரத்தில் இருண்டுபோகின்றன. இந்தப் பொறுப்பற்ற தடைகளை நான் ஆதரிக்கவில்லை. லீக்குகள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

விலையைக் குறைக்கச் சொல்லிப் போராட ரசிகர்களுக்கு உரிமை இருக்கிறது. முறைப்படி இலவசமாகப் பார்க்கும் வழிகளும் அவ்வப்போது வருகின்றன. ஜெர்மனியின் பண்டஸ்லிகா 2025-26 பருவத்தில் பிரிட்டன் ரசிகர்களுக்கு வெள்ளிக்கிழமை ஆட்டங்களை யூடியூபில் இலவசமாகத் திறந்துவிட்டது. 2025 கழக உலகக் கோப்பையின் 63 ஆட்டங்களையும் டாசோன் இலவசமாகக் காட்டியது. 2022 உலகக் கோப்பையை இந்தியாவில் ஜியோசினிமா இலவசமாகத் தந்தது. பிபிசியில் 1964-இல் தொடங்கிய 'மேட்ச் ஆஃப் த டே' நிகழ்ச்சியில் அன்றைய ஆட்டங்களின் தொகுப்பு இன்றும் வருகிறது, ஸ்கைக்குச் சந்தா கட்டத் தேவையில்லை. இந்தியாவில் பிரீமியர் லீக் ஜியோஹாட்ஸ்டாரிலும், சாம்பியன்ஸ் லீக் சோனி லிவிலும், ஸ்பெயினின் லா லிகா ஃபேன்கோடிலும் என்று பிரிந்து கிடப்பது எரிச்சல்தான். ஆனாலும் பிரிட்டன்காரர் கட்டுவதோடு ஒப்பிட்டால் இங்கே செலவு மிகக் குறைவு. உங்கள் கழகம் ஆடும் ஒரே ஒரு போட்டித் தொடருக்கு மட்டும் சந்தா கட்டி, மற்றவற்றுக்கு அதிகாரபூர்வ யூடியூப் தொகுப்புகளைப் பார்ப்பது பலருக்கும் கட்டுப்படியாகும்.

ஏற்கெனவே அப்படியொரு பெட்டியோ செயலியோ வீட்டில் இருந்தால் இன்றே செய்ய வேண்டியவை சில. பெட்டியை வைஃபையிலிருந்து கழற்றுங்கள், பிறகு ரவுட்டரின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். செயலியைக் கைபேசியிலிருந்து நீக்கி, மின்னஞ்சல், வங்கிக் கணக்குகளின் கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும்படி அமையுங்கள். ரீசெல்லருக்குக் கார்டில் பணம் கட்டியிருந்தால் வங்கியிடம் சொல்லிப் புதிய கார்டு வாங்குங்கள். கணக்கிலிருந்து பணம் போயிருந்தால், இந்தியாவில் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். திருட்டு ஒளிபரப்பு பார்த்தது தெரிந்துவிடுமே என்று கூச்சப்பட்டுப் புகார் செய்யாமல் இருந்துவிடாதீர்கள். ஏமாற்றுபவர்கள் அந்தக் கூச்சத்தைத்தான் நம்பியிருக்கிறார்கள். பெட்டியைப் பொறுத்தவரை, தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். பேட்பாக்ஸ் போன்றவை கருவியின் அடிப்படை மென்பொருளிலேயே இருப்பதால் மீட்டமைத்த பிறகும் அங்கேயே இருக்கும். உறவினர் யாருக்கும் கொடுக்காமல், பழைய பொருளாக விற்காமல், மின்கழிவு வாங்கும் இடத்தில் போட்டுவிடுங்கள்.